ஐ.வி.எஃப் ஊசி கிடைக்கவில்லை: அடுத்து என்ன செய்வது?



குழந்தையில்லாத தம்பதியர் கொழும்புக்குச் சென்று ஐ.வி.எஃப் சிகிச்சை செய்துகொள்வது இப்போது எமது வாகரைப் பிரதேசத்திலும் அபூர்வமான விடயமல்ல. ஒரு காலத்தில் 'சோதனைக்குழாய்க் குழந்தை' என்பது நாம் பத்திரிகையில் வாசிக்கும் செய்தியாக மட்டுமே இருந்தது. இன்று கதிரவெளியில் வீடு வீடாகச் செல்லும்போது, அந்தச் சிகிச்சைக்கான மருந்துத் துண்டைப் பெட்டிக்குள் இருந்து எடுத்துக் காட்டும் பெண்களைச் சந்திக்கிறேன். நகையை அடகு வைத்து, சீட்டுக் காசை எடுத்து, கடனும் பட்டுத் தொடங்கிய சிகிச்சை. இடையில் "இந்த ஊசி இப்போது இல்லை" என்று மருந்தகத்தில் சொல்லிவிட்டால் அவர்களுக்கு உலகமே இருண்டுவிடுகிறது.

அப்படியொரு நிலை வந்தால் என்ன வழிகள் இருக்கின்றன என்பதையே இம்மாதம் பார்க்கப் போகிறோம். நான் வைத்தியர் அல்ல. சமூகவியல் படித்துவிட்டு சமூகப் பணி செய்பவள். எனவே இங்கே எழுதுவது நீங்களாக மருந்தை மாற்றிக்கொள்வதற்காக அல்ல. வைத்தியருக்கு முன்னால் உட்காரும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருப்பதற்காகவே.

ஏன் கிடைக்காமற் போகிறது?

இலங்கையில் பயன்படுத்தப்படும் மருந்துகளில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஐ.வி.எஃப் ஊசிகளை இங்கு உற்பத்தி செய்வதில்லை. 2022 இல் நாட்டில் டொலர் இல்லாமற் போனபோது என்ன நடந்தது என்பதை நாம் மறக்கவில்லை. அந்த வருடம் மார்ச் மாதத் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 360 ரூபாவையும் தாண்டியது. உயிர்காக்கும் மருந்துகளுக்கே தட்டுப்பாடு என்றால், குழந்தைப்பேற்று மருந்துகளைப் பற்றிக் கேட்பார் யார்? அந்த நிலை இன்று இல்லை. ஆனாலும் ஒரு குறிப்பிட்ட மருந்து சில வாரங்களுக்கு வராமல் நிற்பது எந்த வருடமும் நடக்கக்கூடியது. தொழிற்சாலையில் உற்பத்தி தடைப்படலாம். பதிவு புதுப்பிக்கப்படாமல் இருக்கலாம். குளிர்ச் சங்கிலி அறுந்து ஒரு தொகுதியே பழுதாகலாம்.

சட்டத்தினாலும் ஒரு மருந்து இல்லாமற் போகலாம். முட்டை வளர்வதற்குக் கொடுக்கப்படும் 'லெட்ரசோல்' என்ற குளிசையை மலட்டுத்தன்மைக்குப் பயன்படுத்துவதற்கு இந்திய அரசு 2011 இல் தடை விதித்தது. குழந்தைக்குக் குறைபாடு வரும் என்ற அச்சமே காரணம். அதனால் அங்குள்ள வைத்தியர்கள் பழைய 'குளோமிபீன்' குளிசைக்கும் ஊசிக்கும் திரும்ப வேண்டியிருந்தது. 2014 இல் அமெரிக்காவில் 750 பெண்களிடம் செய்யப்பட்ட ஆய்வு வெளிவந்தது. சூலக நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள அந்தப் பெண்களில் லெட்ரசோல் எடுத்தவர்களில் 27.5 வீதமானோரும், குளோமிபீன் எடுத்தவர்களில் 19.1 வீதமானோரும் குழந்தை பெற்றார்கள். குறைபாடு பற்றிய அச்சத்தையும் பின்னர் வந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. 2017 இல் இந்தியா அந்தத் தடையை நீக்கியது.

கதிரவெளிப் பெண்ணொருவரின் அனுபவம்

2022 ஆகஸ்டில் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் எமது ஊரைச் சேர்ந்த 36 வயதுப் பெண். கணவர் கடற்றொழில் செய்பவர். மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்த காலம் அது. இருந்த நகைகளை அடகு வைத்துக் கொழும்பிலுள்ள ஒரு தனியார் நிலையத்தில் சிகிச்சை தொடங்கியிருந்தார்கள். கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் தங்கி ஐந்து நாட்கள் ஊசி போட்டாயிற்று. ஆறாம் நாள் தொடங்க வேண்டிய இன்னொரு ஊசி கையிருப்பில் இல்லை, வெளியில் எங்காவது தேடி எடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

"மிஸ், இவ்வளவு நாளும் போட்ட ஊசியெல்லாம் வீணாப் போயிருமா?" என்று அழுதார்.

இதற்குள் யாரோ ஒருவர் தொலைபேசியில் அந்த ஊசி தன்னிடம் இருப்பதாகவும், மூன்று மடங்கு விலை என்றும் சொல்லியிருக்கிறார். பயணப் பையில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. ரசீது இல்லை. பெட்டியின் படத்தை அனுப்பியிருந்தார். அதில் இலங்கை இறக்குமதியாளரின் ஒட்டுத்தாள் எதுவும் இல்லை. கதிரவெளியில் இருந்த தாயார், "வீட்டு உறுதிய வச்செண்டாலும் எடுப்பம் மகள், விட்றாத" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போவது எமது வழக்கம். ஒரு பெண்ணிடம் அவளுக்கென்று இருக்கும் ஒரே சொத்து பெரும்பாலும் அந்த வீடுதான். அதை ஒரு பெட்டி ஊசிக்காக, அதுவும் நல்லதா கெட்டதா என்றே தெரியாத ஊசிக்காக, ஒரே இரவில் அடகு வைக்கப் போகிறார்கள்.

நான் அவரிடம் சொன்னது ஒன்றுதான். "நாளைக்குக் காலையில் டொக்டரிடம் போய் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த ஊசி செய்யிற வேலை என்ன? அதே வேலையைச் செய்யக்கூடிய, இங்கு கிடைக்கிற வேறு மருந்து இருக்கிறதா? அதற்குப் பிறகு காசைப் பற்றி யோசிப்போம்."

மறுநாள் வைத்தியர் ஒரு குளிசையை எழுதிக் கொடுத்தார். அதன் விலை அந்த ஊசியின் விலையில் சிறு பங்கு. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. உருவாகும் கருக்களை அந்த மாதமே கருப்பையில் வைக்க முடியாது. உறைநிலையில் வைத்துப் பின்னர்தான் வைக்க வேண்டும். அவர் சம்மதித்தார். வீட்டு உறுதி அலுமாரியிலேயே இருந்தது.

ஊசிக்குப் பதிலாகக் குளிசை எப்படி வேலை செய்யும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ஐ.வி.எஃப் மருந்துகள் என்னென்ன வேலைகளைச் செய்கின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும். பெயர்கள் பலவாக இருந்தாலும் வேலைகள் நான்குதான்.

முதலாவது வேலை: முட்டைகளை வளர்த்தல்

இயற்கையில் மாதம் ஒரு முட்டைதான் முதிரும். பல முட்டைகளை ஒரே தடவையில் எடுப்பதற்காக எஃப்.எஸ்.எச் என்ற ஓமோன் ஊசி போடப்படுகிறது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று எச்.எம்.ஜி எனப்படும் பழைய வகை. மாதவிலக்கு முற்றாக நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. 1950களில் இத்தாலியில் இதைத் தயாரிக்கத் தொடங்கியபோது கன்னியர் மடங்களிலிருந்த வயதான கன்னியாஸ்திரிகளின் சிறுநீரைச் சேகரித்தார்கள் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. குழந்தையே பெறாத அந்தத் துறவிகளின் உதவியால்தான் எத்தனையோ பெண்கள் தாயானார்கள். இரண்டாவது வகை 1990களின் நடுப்பகுதியில் வந்தது. ஆய்வுகூடத்தில் உயிரணுக்களை வளர்த்துத் தயாரிக்கப்படுவது.

இவற்றில் ஒன்று கிடைக்காவிட்டால் மற்றதைக் கொடுப்பது வைத்தியர்களுக்கு வழமையான விடயம். சிகிச்சையின் நடுவில்கூட மாற்ற முடியும். இரண்டுமே போதிய அளவு இல்லையென்றால் குளோமிபீன் அல்லது லெட்ரசோல் குளிசையுடன் குறைந்த அளவு ஊசி போடும் 'மென்மையான' முறையும் உண்டு. இதில் முட்டைகள் குறைவாகவே கிடைக்கும். ஆனால் செலவும் குறைவு, சூலகம் அளவுக்கு மீறி வீங்கும் ஆபத்தும் குறைவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உலகின் முதலாவது ஐ.வி.எஃப் குழந்தையான லூயிஸ் பிரவுண் 1978 ஜூலை 25 இல் இங்கிலாந்தில் பிறந்தார். அவரது தாயாருக்கு முட்டை வளரும் ஊசி எதுவும் போடவில்லை. இயற்கையாக முதிர்ந்த ஒரே முட்டையை, நேரம் பார்த்து எடுத்தார்கள். அதே வருடம் ஒக்டோபரில் கல்கத்தாவில் வைத்தியர் சுபாஷ் முகோபாத்யாயாவின் முயற்சியில் துர்கா என்ற பெண் குழந்தை பிறந்தது. அவர் ஊசி மருந்தைப் பயன்படுத்தியே முட்டைகளை வளர்த்தார். இரண்டு பாதையும் அன்றைக்கே இருந்திருக்கிறது. ஊசியில்லாத பாதையில் ஒவ்வொரு தடவையும் வெற்றி வாய்ப்புக் குறைவு என்பதால்தான் இன்று அதை அதிகம் பாவிப்பதில்லை.

இரண்டாவது வேலை: முட்டை முந்தி வெளியேறாமல் தடுத்தல்

முட்டைகள் வளரும்போது மூளையிலிருந்து ஓர் ஓமோன் திடீரென உயர்ந்தால், எடுப்பதற்கு முன்னரே முட்டைகள் வெளியேறிவிடும். அதைத் தடுக்கவே செட்ரோரெலிக்ஸ், கனிரெலிக்ஸ் போன்ற ஊசிகள். இந்த இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை. ஒன்றுக்கு மற்றது மாற்று. எமது ஊர்ப் பெண்ணுக்குக் கிடைக்காமற் போனதும் இந்த வகை ஊசிதான்.

இரண்டுமே இல்லாவிட்டால் அவருக்குக் கொடுத்தது போன்ற குளிசை இருக்கிறது. 'மெட்ரொக்சிபுரொஜெஸ்தரோன்' என்பது அதன் பெயர். சீனாவின் ஷங்காய் நகர வைத்தியர்கள் 2015 இல் இந்த முறையை வெளியிட்டார்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு நாம் போடும் மூன்று மாத ஊசியில் இருப்பதும் இதே ஓமோன்தான். கர்ப்பத்தைத் தடுக்கும் மருந்து கர்ப்பத்துக்கு உதவுகிறதே என்று வியப்பாக இருக்கும். முட்டை வெளியேறுவதைத் தடுப்பதே அதன் வேலை. ஒரு இடத்தில் அது கர்ப்பத்தைத் தடுக்கிறது. இன்னோர் இடத்தில் முட்டைகளைப் பத்திரமாக வைத்திருக்கிறது. ஆனால் அது கருப்பையின் உட்சுவரையும் மாற்றிவிடுவதால் கருவை அந்த மாதமே வைக்க முடியாது. உறைய வைக்கும் வசதியுள்ள நிலையத்தில்தான் இந்த வழி பொருந்தும். தயவுசெய்து யாரும் இதை வாசித்துவிட்டு மூன்று மாத ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டாம். குளிசையை நாளுக்கு நாள் எடுத்து உரிய நாளில் நிறுத்தலாம். அந்த ஊசியைப் போட்டால் திரும்ப எடுக்க முடியாது. பல மாதங்களுக்கு முட்டை வெளிவராது.

முந்திய மாதத்திலிருந்தே வேறு வகை ஊசி போட்டு மூளையின் ஓமோனை அடக்கி வைக்கும் 'நீண்ட முறை' ஒன்றும் இருக்கிறது. இது நல்ல மாற்றுவழி. ஆனால் நடுவழியில் இதற்கு மாற முடியாது; தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும்.

மூன்றாவது வேலை: முட்டையை முதிரச் செய்தல்

முட்டை எடுப்பதற்கு ஏறத்தாழ 36 மணித்தியாலங்களுக்கு முன்னர் எச்.சி.ஜி ஊசி போடுவார்கள். நேரம் தவறக்கூடாத ஊசி இது. இதிலும் சிறுநீரிலிருந்து எடுப்பது, ஆய்வுகூடத்தில் தயாரிப்பது என்று இரண்டு வகை. ஒரு பெட்டியில் 5000 அலகு என்றும் மற்றதில் 250 மைக்ரோகிராம் என்றும் எழுதியிருக்கும். எண்ணைப் பார்த்து, ஒன்று கூடியது மற்றது குறைந்தது என்று எண்ணிக் குழம்ப வேண்டாம். அளவிடும் முறைதான் வேறு.

எச்.சி.ஜி கிடைக்காவிட்டால், மூளையின் ஓமோனைத் தூண்டிவிடும் வேறோர் ஊசியைக் கொடுக்க முடியும். ஆனால் நீண்ட முறையில் சிகிச்சை பெறுபவர்களுக்கு இது வேலை செய்யாது. அவர்களுக்கு மூளையின் ஓமோன் ஏற்கெனவே அடக்கப்பட்டிருக்கும். ஒருத்திக்குக் கொடுத்த மருந்து மற்றவளுக்குப் பொருந்தாது என்று சொல்வது இதனால்தான்.

நான்காவது வேலை: கருவைத் தாங்குதல்

கருவை வைத்த பின்னர் கருப்பையின் உட்சுவரைத் தாங்குவது புரொஜெஸ்தரோன் என்ற ஓமோன். இது யோனிக்குள் வைக்கும் வில்லையாக, களிம்பாக, எண்ணெய் ஊசியாக எனப் பல வடிவங்களில் வருகிறது. ஒரு வடிவம் இல்லாவிட்டால் மற்றது பெரும்பாலும் கிடைக்கும். 'டைட்ரோஜெஸ்தரோன்' என்ற வாயால் எடுக்கும் குளிசையும் உண்டு. உடனடியாகக் கருவை வைக்கும் சிகிச்சையில், இந்தக் குளிசை யோனியில் வைக்கும் மருந்துக்குக் குறைந்ததல்ல என்று 2017 இலும் 2018 இலும் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. உறைந்த கருவை வைக்கும்போது நிலைமை வேறாக இருக்கலாம். வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

இந்த நான்காவது மருந்தை மட்டும் ஒரு நாளும் நீங்களாக நிறுத்தக்கூடாது. வில்லை முடிந்துவிட்டது, வாழைச்சேனைப் பாமசியில் இல்லை, அடுத்த கிழமை கிளினிக்கில் சொல்வோம் என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே நிலையத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

ஒத்திவைப்பதும் ஒரு வழிதான்

மருந்து இல்லாதபோது வைத்தியர் "இந்த மாதம் வேண்டாம், நிறுத்துவோம்" என்று சொன்னால் அதைத் தோல்வியாக நினைக்கிறோம். இந்த மாத முட்டைகள் போய்விடுமே என்று பல பெண்கள் பதறுகிறார்கள். ஒவ்வொரு மாதமும் பல முட்டைகள் வளரத் தொடங்கி, ஒன்றைத் தவிர மற்றவை தாமாகவே அழிந்துவிடுகின்றன. சிகிச்சை செய்தாலும் செய்யாவிட்டாலும் இதுதான் நடக்கிறது. நிறுத்துவதால் அடுத்த மாதத்து முட்டைகள் குறைந்துபோவதில்லை.

கொரோனா பரவிய 2020 மார்ச்சில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள வைத்தியச் சங்கங்கள் புதிய ஐ.வி.எஃப் சிகிச்சைகளைத் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டன. ஆயிரக்கணக்கான பெண்கள் காத்திருந்து பின்னர் தொடங்கினார்கள். முப்பதுகளின் தொடக்கத்தில் இருப்பவருக்கு இரண்டு மூன்று மாதம் பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தாது. நாற்பதை நெருங்குபவர்கள் வைத்தியரிடம் வெளிப்படையாகக் கேட்டு, எவ்வளவு காலம் காத்திருக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டும். ஏற்கெனவே செலுத்திய பணத்தில் எவ்வளவு அடுத்த தடவைக்குக் கணக்கு வைக்கப்படும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஐ.வி.எஃப் தான் வேண்டுமா?

காத்திருக்கும் காலத்தில் கேட்க வேண்டிய கேள்வி இது. எனக்குத் தெரிந்த 27 வயதுப் பெண்ணொருவருக்கு மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. நேராக ஐ.வி.எஃப் செய்யலாம் என்று ஓரிடத்தில் சொல்லியிருந்தார்கள். மருந்து வரும்வரை இரண்டு மாதம் பொறுக்கச் சொன்னதால், அந்த இடைவெளியில் அவர் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் பெண்நோயியல் கிளினிக்குக்குப் போனார். கணவருக்கு விந்துப் பரிசோதனை செய்தார்கள், குறையில்லை. பெண்ணின் குழாய்களிலும் அடைப்பில்லை. லெட்ரசோல் குளிசை கொடுத்து ஸ்கேன் செய்து பார்த்தார்கள். நான்காவது மாதம் கர்ப்பமானார். எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல வரவில்லை. எளிய வழி இருக்கிறதா என்று பார்த்த பின்னரே பெரிய வழிக்குப் போக வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

பிள்ளைத்தடைச் சத்திர சிகிச்சை செய்த பின்னர் மீண்டும் குழந்தை வேண்டுமென்பவர்களுக்கும் ஐ.வி.எஃப் மட்டுமே வழியல்ல. 2004 ஆழிப்பேரலையில் பிள்ளைகளை இழந்த தாய்மாருக்கு, வெட்டிய குழாயை மீண்டும் இணைக்கும் சத்திர சிகிச்சையை இலவசமாகச் செய்துகொள்ளத் தமிழ்நாடு அரசு உதவியது. நாகப்பட்டினம் பகுதியில் பல தாய்மார் அதைச் செய்துகொண்டார்கள். வயதும் குழாயின் நிலையும் பொருந்தினால் இதையும் பரிசீலிக்கலாம்.

கணவரின் பரிசோதனையைப் பற்றி ஒரு வார்த்தை. எமது ஊரில் பெண் பத்து வருடம் வைத்தியசாலை ஏறி இறங்கிய பிறகும் ஆண் ஒரு தடவைகூடப் பரிசோதிக்காத வீடுகள் உள்ளன. குழந்தையின்மையில் ஆணின் காரணமும் பெண்ணின் காரணமும் ஏறத்தாழச் சமமாகவே இருக்கின்றன. விந்துப் பரிசோதனை செலவு குறைந்தது, வலியில்லாதது. அதைச் செய்யாமல் எந்த ஊசியையும் தொடங்காதீர்கள்.

வெளியில் வாங்கும்போது

பதிவு செய்யப்படாத மருந்தை நம்ப வேண்டாம். 2023 இல் எமது அரச வைத்தியசாலைகளுக்கே தரமற்ற இம்யூனோகுளோபியூலின் ஊசி வந்து சேர்ந்ததும், அது தொடர்பாக முன்னாள் சுகாதார அமைச்சரே 2024 பெப்ரவரியில் கைது செய்யப்பட்டதும் நாம் அறிந்த விடயம். அரசாங்கக் கொள்வனவிலேயே இப்படியென்றால் பயணப் பையில் வருவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அனுமதிப் பத்திரம் தொங்கும் மருந்தகத்தில் மட்டும் வாங்குங்கள். அரச மருந்தகக் கூட்டுத்தாபனத்தின் ஒசுசலவிலும் விசாரியுங்கள். தொகுதி இலக்கம், முடிவுத் திகதி, ரசீது மூன்றும் இருக்க வேண்டும். சந்தேகமிருந்தால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையிடம் கேட்கலாம். சிகிச்சை முடித்த இன்னொரு பெண்ணிடம் மிஞ்சிய ஊசியையும் வாங்க வேண்டாம். அவர் அதை எந்தச் சூட்டில் வைத்திருந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது.

சூட்டைப் பற்றிச் சொன்னேன். இந்த ஊசிகளிற் பல குளிர்சாதனப் பெட்டியில் அல்லது 25 பாகைக்குக் குறைவாக வைக்க வேண்டியவை. கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து, பனிச்சங்கேணிப் பாலம் கடந்து கதிரவெளிக்கு வரும்வரை அவற்றைப் பாதுகாக்க வேண்டும். மீனுக்குப் பாவிக்கும் றெஜிபோம் பெட்டியைப் போலக் கழுவிக் காய்ந்த சிறிய பெட்டியொன்று போதும். ஆனால் மீனைப் போல மருந்தை ஐஸுக்குள் புதைக்கக் கூடாது. உறைந்துபோனால் மருந்து கெட்டுவிடும். ஐஸ் பொதிக்கும் மருந்துக்கும் இடையில் மடித்த துணியை வையுங்கள்.

தொடங்கும் முன்னர் கேளுங்கள்

சிகிச்சை தொடங்கும் நாளுக்கு முன்னரே நிலையத்தில் இவற்றைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குத் தேவையான எல்லா மருந்தும், கருவைத் தாங்கும் மருந்து உட்பட, இப்போது கையிருப்பில் உள்ளதா? இல்லாதது வரும்வரை முதல் ஊசியைப் பிற்போடலாமா?

ஒவ்வொரு மருந்தின் வேலையும் என்ன? அது இல்லாவிட்டால் எனக்கு எதைத் தருவீர்கள்?

கருக்களை உறைய வைக்கும் வசதி இங்கு உள்ளதா? அதற்கு வருடாந்தக் கட்டணம் எவ்வளவு?

இடையில் நிறுத்த வேண்டி வந்தால் என் பணம் என்னவாகும்?

இரவில் சந்தேகம் வந்தால் யாருக்குத் தொலைபேசி எடுப்பது?

இக்கேள்விகளைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. பணம் உங்களுடையது, உடம்பும் உங்களுடையது. கேட்கத் தயங்கினால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் பேசுங்கள். குழந்தை தாமதமாகும் தம்பதியரைக் கிளினிக்குக்கு அனுப்பி வைப்பதும் அவரது கடமைகளில் ஒன்று.

வீட்டாருக்கும் ஒரு சொல்

ஆழிப்பேரலையிலும், 2006 நவம்பர் 8 அன்று கதிரவெளிப் பாடசாலையில் இடம்பெயர்ந்து தங்கியிருந்தவர்கள் மீது விழுந்த எறிகணைகளிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. ஒரு வீட்டில் குழந்தை பிறப்பதை ஊரே எதிர்பார்த்திருப்பதன் காரணம் எனக்கு விளங்குகிறது. அந்த எதிர்பார்ப்பு ஒரு பெண்ணின் தலையில் பாரமாக இறங்கும்போதுதான், ரசீதில்லாத ஊசிக்கு வீட்டு உறுதியை வைக்கும் நிலை வருகிறது. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது குழந்தையின்மையை எதிர்கொள்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் அறிவித்தது. அப்படியிருக்க 'மலடி' என்ற சொல்லை நாம் இன்னும் ஏன் வைத்திருக்கிறோம்?

நான் மேலே சொன்ன 36 வயதுப் பெண்ணுக்கு அந்தத் தடவை மூன்று கருக்கள் கிடைத்தன. முதலாவது தடவை வைத்தபோது தரிக்கவில்லை. அடுத்த தடவை தரித்து ஏழாவது வாரத்தில் கலைந்தது. அவருக்கு இன்னும் குழந்தையில்லை. மாற்று மருந்து கொடுத்ததால்தான் இப்படியானது என்று ஊரில் சிலர் பேசினார்கள். அது சரியல்ல. எல்லா மருந்தும் உரிய நேரத்தில் கிடைத்தாலும் ஐ.வி.எஃப் ஒவ்வொரு தடவையும் வெற்றி தருவதில்லை. வயது கூடக்கூட வாய்ப்புக் குறைகிறது. இதை வெற்றிக் கதையாக மாற்றி எழுத எனக்கு மனமில்லை.

அவரும் கணவரும் இரண்டு மீன்பிடிப் பருவத்தில் உழைத்து நகைகளை மீட்டுவிட்டார்கள். அடுத்தது என்ன என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. தாயார் ஒரு நாள் என்னிடம், "உறுதிய வச்சிருந்தா இண்டைக்குப் புள்ளையுமில்ல, வீடுமில்ல மகள்" என்றார். மகளிடம் கேட்டபோது அவர் வேறொன்றைச் சொன்னார். "செய்யக்கூடியதைத் தெரிஞ்சு செஞ்சன் மிஸ். அது போதும்."

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை நடக்கிறதென்றால் மேலே உள்ள கேள்விகளை வெட்டி அவரது கிளினிக் கொப்பிக்குள் வைத்துவிடுங்கள்.